ஏழு சாண்

கடல் பின்வாங்கியிருந்தது.
திரும்பி வர ஐந்து மணி நேரம் ஆகும் என்றது ஓத அட்டவணை.
கூழாங்கற்கள் காலடியில் சரிய
நானும் ஹெஸ்டர் மோசொப்பும்
ஃப்ளெஸ்விக் குடாவின் செம்பாறைச் சுவருக்கு வந்தோம்.
உச்சியில் கில்லிமாட் பறவைகளின் இடத்தகராறு.
என் நோட்டில் அன்றைய முதல் பதிவு
அவற்றின் எச்சம்.

இந்தச் சுவருக்குள் ஓர் ஆறு படுத்திருக்கிறது.
இன்று பிரான்ஸ் எனப்படும் திக்கிலிருந்து
மணல் சுமந்து வந்து,
வெயிலில் வற்றி, மறுபடி வந்து,
சுமையை இறக்கிவிட்டுப் போன ஆறு.
அதன் மணலே மேற்கே
கடலுக்கடியில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்.
அங்கிருந்த எரிவாயுவை உறிஞ்சி முடித்தாயிற்று.
காலி வீட்டுக்கு இப்போது
புதுக் குடித்தனம் பார்க்கிறார்கள்:
ஆலைப் புகையில் பிடித்த கரியமில வாயு.
வருவது எந்த அறைக்குப் போகும்,
எங்கே முட்டி நிற்கும்,
கொல்லைக் கதவு ஏதும் திறந்திருக்கிறதா
என்று கேட்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஆழத்திலிருந்து ஒரே ஒரு பாறைத்தண்டு வந்தது.
சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன வட்டம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
பாறை அப்படி வேகவில்லை.
அதனால்தான், வெளியே தலைகாட்டும்
அதன் பங்காளியைத் தேடி வந்தோம்.

கருவியின் ரப்பர் மூக்கை
அவள் பாறையில் அழுத்துவாள்.
உள்ளே காற்று நகரும் நேரத்தை நான் எண்ணுவேன்.
கரடுமணலில் நான்கு நொடி.
பொடிமணலில் பத்தொன்பது.
குறுக்கே ஓடும் வெள்ளை நரம்பில்,
எப்போதோ பூமி நெரித்ததில்
மணி மணியாய் உடைந்து மாவான மணலில்,
இருநூற்றுப் பதினொன்று.
முழங்கால் மரத்துப்போனது.
ஹெஸ்டர் தும்மினாள். மறுபடி முதலிலிருந்து.

பிறகு அந்தக் களிமண்.
விரல் தடிமன்தான்.
வெள்ளம் வடிந்த ஏதோ ஒரு வாரத்தில்
ஆறு பூசிவிட்டுப் போன மெழுக்கு.
அதற்கு மேலே பாறை கசிந்து பாசி பிடித்திருந்தது.
கீழே காய்ந்த செம்மண் நிறம்.
நேற்றைய மழையை அது ஒற்றையாளாய்த்
தாங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் கணினியில் பாறை பெட்டி பெட்டியாக இருக்கும்,
பெட்டிக்கு ஐம்பது மீட்டர்.
விரல் தடிமன் அங்கே
அண்டை மணலோடு சேர்ந்து சராசரியாகிவிடும்.

அறுபது தப்படி தொடர்ந்தோம்.
அதற்கப்புறம் சரிந்து விழுந்த பாறைகள்.
முடிகிறதா, தொடர்கிறதா?

நண்டுக் கூண்டு இழுக்க வந்த ஃபியரன்
படகிலிருந்தே கத்தினார்:
"தண்ணியா தேடறீங்க?
அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னால போங்க.
மழையில்லாத ஜூன்லகூட சொட்டும்.
என் கெட்டில் அதுலதான் ரொம்பும்."

ஹெஸ்டர் குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தாள்.
பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.
உள்ளிருந்து குரல்:
இங்கே நகத்தளவு.
இங்கே தாளளவு.
இங்கே இல்லை.
பின்னால் வந்த வெள்ளம் ஒன்று
பழைய மெழுக்கைச் சுரண்டிக்கொண்டு
புது மணலை நிரப்பியிருக்கிறது.
அந்த இடைவெளி வழியே
மேல்தளத்து ஈரம் கீழ்தளத்துக்கு,
சொட்டு... சொட்டு...
அளவு நாடா பையிலேயே கிடந்தது.
கையால் அளந்தாள். ஏழு சாண்.

அபர்டீன் அலுவலகத்தில் கேட்பார்கள்:
ஏழு சாணை எந்தப் பெட்டியில் வைப்பது?
அவளும் அதைத்தான் யோசித்தாள் போலும்.
முழங்கை ரத்தத்தைத் துடைக்கவில்லை.

திரும்பும் வழியில்
யாரோ எப்போதோ செதுக்கிய பெயர்.
காற்றும் உப்பும் தின்றது போக
மிச்சம் ஒரே ஒரு வளைவு,
வெள்ளை நரம்பு குறுக்கே போகும் இடத்தில்.
எந்த எழுத்தின் துண்டு என்று தெரியவில்லை.
நசுங்கிய மணல் மட்டும்
உளி சொன்னதை விடாமல் வைத்திருந்தது.
ஹெஸ்டர் ரப்பர் மூக்கை அதன்மேல் பொருத்தினாள்.
எண்ணத் தொடங்கினேன்.
நூற்று நாற்பதில்
அலை என் குதிகாலைத் தொட்டது.